தாத்தா விட்டுச் சென்ற நோயா? பட்டர்வொர்த் வாசகிக்கு ஒரு குடல்நோய் மருத்துவரின் பதில்

பட்டர்வொர்த்திலிருந்து 28 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மலத்தில் ரத்தம் வந்தது. மூலம் என்று நினைத்து ஆறு மாதம் களிம்பு பூசியிருக்கிறார். பிறகு கொலோனோஸ்கோபி (குழாய்க் கருவியால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் சோதனை) செய்து பார்த்ததில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் அழற்சி என்று தெரிந்தது. மெசலசின் மாத்திரையும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். குணமாகி, மறுபடி வந்தது. அடுத்து, நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கும் அசாத்தியோபிரின் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். நான்காவது வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்தன. உடனே அதை நிறுத்தி, இரண்டாம் முறையாக ஸ்டீராய்டு கொடுத்து நோயை அடக்கினார்கள். இனி இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசி மருந்துக்கு மாறலாம் என்பது அவருடைய நிபுணரின் யோசனை. இதற்கிடையில் வயிறு நன்றாக இருப்பதால், மூன்று மாதங்களாக மெசலசினையும் அவராகவே நிறுத்திவிட்டார்.

வீட்டில் வேறொரு பேச்சு நடக்கிறது. ஈப்போவில் இருக்கும் தாய்மாமன் மகனுக்கு அவரைக் கேட்டிருக்கிறார்கள். இருவருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் சித்தி குறுக்கே நிற்கிறார். அம்மாவின் அப்பா தோட்டத்து லயத்தில் சீதபேதியில்தான் இறந்தாராம். "ஒரே ரத்தம், பிள்ளைக்கு இரட்டிப்பாக வரும்" என்கிறாராம் சித்தி. இந்த நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாசகி எங்கோ படித்திருக்கிறார். உமிழ்நீரை அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா, புதிய ஊசி தன் மரபணுவை மாற்றிவிடுமா, மாமா வீட்டில் சொல்ல வேண்டுமா, அடிக்கடி வயிற்றுவலி என்று சொல்லும் தம்பிக்கும் இதே நோயா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரு பத்தியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். காலையில் தொழிற்சாலை பஸ் பாலத்தின் நடுவில் நெரிசலில் நிற்கும். வயிறு முறுக்கத் தொடங்கினால் இறங்க வழியில்லை. அந்த இருபது நிமிடத்துக்குப் பயந்து காலை உணவையே விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களின் பாடு அதுதான். அதையும் சுமந்துகொண்டு, "உன் ரத்தத்திலேயே இருக்கிறது" என்ற பேச்சையும் சுமக்க வேண்டியதில்லை. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட வரிசையில் போகாமல், அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரையை நிறுத்தியது

வயிறு நன்றாக இருக்கிறது, இனி மாத்திரை எதற்கு என்று நினைத்தீர்கள். உங்கள் இடத்தில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் லாரி ஓட்டும் ஒருவர் என் மேசைமீது மாத்திரை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். ஒரு குழிகூட உடைபடவில்லை. வெள்ளித்தாள் புதிதாகப் பளபளத்தது. "வலி இல்லை டாக்டர், வீணாக எதற்கு என்று விட்டுவிட்டேன்" என்றார். கொலோனோஸ்கோபி செய்தோம். நலமான பெருங்குடலின் உட்சுவரில் மெல்லிய ரத்தநாளங்கள் வெற்றிலை நரம்புகள்போலக் கிளை கிளையாகத் தெரியும். அவருடைய குடலில் அந்த நரம்புக் கோலமே மறைந்துபோயிருந்தது. சுவர் சிவந்து வீங்கி, கருவி லேசாக உரசிய இடத்திலெல்லாம் ரத்தம் கசிந்தது. ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் சேர்ந்தார்.

குடல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்போதே வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். நோய் அடங்கியிருந்த 99 பேரை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து, 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மெசலசினை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து, ஒழுங்காக எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அதனால் இந்த வாரமே உங்கள் சிகிச்சைப் பிரிவைத் தொலைபேசியில் அழையுங்கள். நிறுத்திவிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்துகொள்வதைத்தான் எந்த மருத்துவரும் விரும்புவார். பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கலாமா என்று கேளுங்கள். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கச் சொல்லியும் கேளுங்கள். வெள்ளை அணுக்கள் குடலுக்குள் கசிந்து வரும்போது ஏறும் அளவு அது. உள்ளே கனல் இருக்கிறதா, அணைந்துவிட்டதா என்பதை உங்கள் வயிற்றைவிட அந்த எண் நேர்மையாகச் சொல்லும்.

ரத்தத்தில் இருப்பது எது?

இனி சித்தியின் கேள்விக்கு வருகிறேன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மரபணு என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு சாபம்போலத்தான் தோன்றுகிறது: இருந்தால் நோய், இல்லாவிட்டால் இல்லை. தலசீமியா போன்ற நோய்களில் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே ஒரு மரபணு பழுது; அது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோய். உங்கள் நோயின் கதை வேறு.

நம் உடலின் உயிரணுக்களில் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. குடல் சுவரில் இருக்கும் உயிரணுவிலும், கிருமியை விழுங்கும் வெள்ளை அணுவிலும் இருப்பது அதே தொகுப்புதான். எந்த மரபணு, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு. கெப்பாலா பத்தாஸ் பக்கம் வயல் வாய்க்கால்களில் மதகுகளைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஒன்றுதான். எந்த மதகு எத்தனை அங்குலம் திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் பயிர் விளைவதும் வயல் மூழ்குவதும். மரபணுக்களுக்கும் அப்படிப்பட்ட மதகுகள் உண்டு.

குடல் சுவரின் மேல்தோல் ஒரே ஓர் உயிரணு தடிமன்தான். அதற்கு அந்தப் பக்கம் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள், இந்தப் பக்கம் நோய் எதிர்ப்பு அணுக்களின் காவல். ஒரு கிருமி தாண்டி வந்தால் காவல் அணுவுக்குள் என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. சாதாரண நேரத்தில் அதை இன்னொரு புரதம் பூட்டுப்போலப் பிடித்து வைத்திருக்கும். ஆபத்துச் செய்தி வந்ததும் பூட்டு சிதைகிறது. விடுபட்டது உட்கருவுக்குள் போய், டி.என்.எஃப். முதலான அழற்சிப் புரதங்களின் மதகுகளைத் திறக்கிறது. எனக்கு இதில் எப்போதும் வியப்பாக இருப்பது அடுத்த கட்டம்தான்: அது திறக்கும் மதகுகளில் ஒன்று, தன்னைப் பூட்டும் அந்தப் புரதத்தையே புதிதாகச் செய்யும் மரபணுவுடையது. வேலை முடிந்ததும் தன்னைத்தானே கட்டிப்போட ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. நலமான குடலில் அழற்சி மூண்டு அடங்குவது இப்படித்தான். உங்கள் நோயில் திறப்பதில் குறையில்லை. மூடுவதுதான் தாமதமாகிறது, அல்லது பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இதுவரை, குடல் அழற்சி நோய்களோடு தொடர்புள்ள 240க்கும் மேற்பட்ட இடங்களை மரபணுத் தொகுப்பில் கண்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை புரதம் செய்யும் பகுதிக்குள் இல்லை. மதகுகள் இருக்கும் பகுதிகளில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆபத்தைத் துளித்துளியாகத்தான் கூட்டுகிறது. அதாவது, உங்களிடம் "பழுதான மரபணு" என்று சுட்டிக்காட்ட ஒன்று இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எண்ணற்ற மதகுகள் கொஞ்சம் கொஞ்சம் தளர்வாக இருப்பதும், அவற்றின்மேல் சூழல் வந்து மோதுவதும் சேர்ந்துதான் நோய்.

சூழலின் பங்கு எவ்வளவு என்பதை ஒரே கருவில் பிறந்த இரட்டையர் காட்டுகிறார்கள். இருவருக்கும் டி.என்.ஏ. எழுத்துக்கள் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்தால், பெரும்பாலான இணைகளில் மற்றவருக்கு வருவதில்லை. நம் மலேசியாவிலும், ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் செய்த ஆய்வு உட்படச் சில ஆய்வுகளில், மலாய்க்காரர், சீனர்களைவிட இந்தியர்களிடம் இந்த நோய் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. அதை "நம் ரத்தம் அப்படி" என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. நம் தாத்தா பாட்டிகளுக்கும் இதே டி.என்.ஏ.தான். மாறியவை உணவும் நகர வாழ்க்கையும் குடலில் வாழும் பாக்டீரியாக்களும்தான்.

தாத்தாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துத் தோட்ட லயங்களில் குடிநீரும் கழிப்பிடமும் இருந்த நிலையில், சீதபேதி என்றால் பெரும்பாலும் அமீபாவும் ஷிகெல்லா பாக்டீரியாவும்தான். கொத்துக் கொத்தாகப் பலரை அது கொண்டுபோயிருக்கிறது. அவருக்கு வந்தது உங்கள் நோய்தான் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. தோட்டத்தில் பட்டபாட்டோடு இந்தப் பழியையும் அவர்மீது ஏற்ற வேண்டாம்.

நீங்கள் படித்த அந்தச் செய்தி

நீங்கள் குறிப்பிடுவது, 2024 ஜூனில் லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வுக் கழகக் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். நல்ல ஆய்வு, செய்தித் தலைப்புகள்தான் அதைக் கொஞ்சம் வளைத்துவிட்டன. 21ஆம் குரோமோசோமில் மரபணுவே இல்லாத ஒரு வெற்றுப் பகுதி இருக்கிறது. அது பல நோய்களோடு தொடர்புடையது என்று முன்பே தெரியும். ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது. அங்கே ஒரு மதகு இருக்கிறது என்று இவர்கள் கண்டுபிடித்தார்கள். மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்களில், தொலைவிலுள்ள இ.டி.எஸ்.2 என்ற மரபணுவை அது கூடுதலாக முடுக்கிவிடுகிறது. இ.டி.எஸ்.2 கூடினால் அழற்சிப் புரதங்கள் வரிசையாகக் கூடுகின்றன. வேறு நோய்க்குப் பயன்படும் எம்.ஈ.கே. தடுப்பான் என்ற மருந்து வகை, ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளின் குடல் திசுவில் இந்த முடுக்கத்தைக் குறைத்தது. இது இன்னும் சிகிச்சையாக வரவில்லை.

தலைப்புகளில் விடுபட்டது ஒன்று உண்டு. ஐரோப்பியரில் பெரும்பாலோர், நோயே இல்லாதவர்களும்கூட, அந்த ஆபத்து வடிவத்தைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அது லட்சக்கணக்கான ஆண்டுகள் பழமையானது. கிருமிகளோடு போராட உதவியிருக்க வேண்டும், அதனால்தான் தங்கிவிட்டது. ஊரில் பெரும்பாலோரிடம் இருக்கும் ஒன்றைச் சோதித்து, "உங்களிடமும் இருக்கிறது" என்று காகிதத்தில் போட்டுக் கொடுத்தால் அதை வைத்து என்ன செய்வீர்கள்?

அதனால் உமிழ்நீர்ச் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்களுக்கு நோய் இருக்கிறது என்பது கொலோனோஸ்கோபியில் தெரிந்துவிட்டது. சிகிச்சையையோ திருமணத்தையோ பிள்ளையையோ பற்றி அந்தச் சோதனை புதிதாக எதுவும் சொல்லாது. குடல் அழற்சி நோய்களில் இன்னொன்றான குரோன் நோயின் முதல் மரபணுவாக ஐரோப்பியரிடம் 2001இல் கண்டறியப்பட்ட நாட்-2 மாற்றங்கள்கூட ஜப்பானியரிடமும் சீனரிடமும் காணக் கிடைப்பதே அரிது. ஐரோப்பியரின் தரவுகளை வைத்துக் கணக்கிட்ட மரபணு ஆபத்து மதிப்பெண்ணைத் தமிழர்மேல் அப்படியே பொருத்துவது சரியாக இருக்காது.

ஆனால் ஒரு மரபணுச் சோதனை இருக்கிறது. நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை; நான் அதைத்தான் கேட்கச் சொல்வேன். அசாத்தியோபிரின் தொடங்கிய நான்காம் வாரத்தில் முடி கொத்தாக உதிர்ந்ததையும் வெள்ளை அணுக்கள் சரிந்ததையும் படித்ததுமே எனக்கு என்.யு.டி.டி.15 என்ற மரபணு நினைவுக்கு வந்தது. அந்த மருந்தின் நச்சுப் பொருளை முறிப்பது அதன் வேலை. அதில் ஒரு மாற்றம் இருப்பவர்களுக்குச் சாதாரண அளவே விஷமாகிவிடும். கொரிய நோயாளிகளிடம் 2014இல் இது கண்டறியப்பட்டது. ஐரோப்பியரைவிட, இந்தியர் உட்பட ஆசியரிடம் இது அதிகம். நோய் வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மருந்தை உடல் எப்படிக் கையாள்கிறது என்பதோடு மட்டும்தான் சம்பந்தம். இந்தச் சோதனை செய்ய முடியுமா என்று உங்கள் நிபுணரிடம் கேளுங்கள். மாற்றம் இருந்தால் உங்கள் மருத்துவ அட்டையில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். தம்பிக்கும் அது இருக்கக்கூடும். அசாத்தியோபிரினோ, ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மெர்காப்டோபியூரினோ அவருக்கு என்றாவது தேவைப்பட்டால், முதல் மாத்திரைக்கு முன்பே சோதிக்க வேண்டும். குடும்பத்துக்கு உண்மையில் உதவக்கூடிய மரபணுச் செய்தி இதுதான்.

ஊசி மரபணுவை மாற்றிவிடுமா?

மாற்றாது. இன்ஃப்ளிக்சிமாப் ஓர் எதிர்ப்பொருள். உயிரணுவிலிருந்து வெளியே வந்துவிட்ட டி.என்.எஃப். புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. அது உட்கருவுக்குள் போவதே இல்லை. மதகிலிருந்து வெளியேறிய வெள்ளத்துக்கு அணை போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1998 முதல் குரோன் நோய்க்குப் பயன்பாட்டில் இருக்கிறது.

உங்கள் மருந்துகளில் உட்கருவுக்குள்ளேயே நுழைந்து மதகுகளில் கை வைப்பது, நீங்கள் இரண்டு முறை தயங்காமல் விழுங்கிய பிரட்னிசோலோன்தான். அழற்சி மரபணுக்களின் மதகுகளை அது மூட வைக்கிறது. அதனால்தான் சில நாட்களிலேயே ரத்தம் நின்றது. ஆனால் எலும்பு, சர்க்கரை, தோல், மனநிலை ஆகியவற்றின் மதகுகளிலும் அது கை வைக்கிறது. முகம் வீங்கியது, தூக்கம் கெட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதனால்தான். அதுவும்கூட டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை ஸ்டீராய்டு தேவைப்படும் நிலையைத் தொடர விடக் கூடாது. உங்கள் நிபுணர் வேறு மருந்தைப் பற்றிப் பேசுவதன் காரணம் அதுதான். அவர் சொல்வது எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஊசியில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். டி.என்.எஃப். தான் காசநோய்க் கிருமியை நுரையீரலில் சிறைப்பிடித்து வைத்திருக்கும் காவலாளி. நம் நாட்டில் காசநோய் இன்னும் இருக்கிறது. அதனால் ஊசி தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரே, மறைந்திருக்கும் காசநோய்க்கான ரத்தச் சோதனை, ஹெப்படைடிஸ் பி சோதனை மூன்றும் கட்டாயம். அவசரப்படுத்தினாலும் இவற்றை விட்டுவிட வேண்டாம். செலவைப் பற்றியும் வெளிப்படையாகக் கேளுங்கள். மற்ற நிறுவனங்கள் செய்யும் ஒத்த மருந்துகள் வந்த பிறகு நிலைமை முன்பைவிடத் தேவலாம். என்றாலும், எந்த மருத்துவமனையில் எந்த மருந்து எவருக்குக் கிடைக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. குடலில் மட்டும் வேலை செய்யும் வெடோலிசுமாப் போன்ற வேறு ஊசிகளும் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று அவரோடு பேசுங்கள். அழற்சியை அடக்கும் இன்னொரு வகையான ஜாக் தடுப்பான் மாத்திரைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், பிள்ளை பெறும் எண்ணம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் அவை கூடாது.

திருமணமும் பிள்ளையும்

பெற்றோரில் ஒருவருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மேற்கத்திய ஆய்வுகளின்படி நூற்றுக்கு இரண்டு என்ற அளவில்தான். நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பிள்ளைகளுக்கு வராது. சித்தியிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

சொந்தத்தில் திருமணம் என்பது தனிக் கேள்வி. அத்தை மகள், மாமன் மகன் உறவில் இருப்பவர்கள் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பிறவிக் கோளாறுகளின் வாய்ப்பு எந்தத் தம்பதிக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று உண்டு. சொந்தத்தில் அது இன்னும் இரண்டு மூன்று கூடுகிறது. இது உங்கள் குடல் நோயால் வருவதல்ல. இருவரும் ஒரே மறைந்த பழுதைச் சுமந்திருந்தால் வருவது. கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையாகத் தாக்கும் அரிய குடல் அழற்சி ஒன்று உண்டு. ஐ.எல்.10 என்ற அழற்சி அடக்கும் புரதத்தின் ஏற்பியில் வரும் பழுது அது, 2009இல் கண்டறியப்பட்டது, சொந்தத்தில் திருமணமான குடும்பங்களில் கூடுதலாகப் பார்க்கப்படுகிறது. சித்தியின் பயம் அந்த நோய்க்குப் பொருந்தும். 26 வயதில் தொடங்கிய உங்கள் நோய்க்குப் பொருந்தாது. நீங்கள் இருவரும் செய்துகொள்ள வேண்டிய சோதனை தலசீமியாவுக்கானது. இந்தத் திருமணம் வேண்டாம் என்று சொல்ல மருத்துவரீதியாக என்னிடம் காரணம் எதுவும் இல்லை. சொந்தத்தின் ஆபத்தையும் நோயின் ஆபத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

கர்ப்பத்தில் பிள்ளைக்கு உண்மையான கெடுதல் மருந்தால் வருவதைவிட, அடங்காத அழற்சியால்தான் அதிகம் வருகிறது. நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரித்தால் பெரும்பாலும் எல்லாரையும்போலவே இருக்கும். நோய் பொங்கும் நேரத்தில் கருத்தரித்தால் குறைப்பிரசவம், எடைக் குறைவு ஆகிய ஆபத்துகள் கூடும். ஸ்டீராய்டு இல்லாமல் மூன்று முதல் ஆறு மாதம் அமைதியாக இருந்த பிறகு முயலுங்கள் என்பதுதான் வழக்கமான அறிவுரை. மெசலசினைக் கர்ப்பத்திலும் தொடரலாம். இன்ஃப்ளிக்சிமாபையும் பெரும்பாலும் தொடர்வார்கள். ஆனால் ஒன்றை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ப் பல மாதங்கள் தங்கும். நம் நாட்டில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. கர்ப்பத்தில் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்திருந்தால், குழந்தைக்கு அதை உடனே போடக் கூடாது; குறைந்தது ஆறு மாதம், சில வழிகாட்டுதல்களின்படி ஓராண்டு தள்ளிப்போட வேண்டும். பிரசவ அறையின் பரபரப்பில் இது மறந்துபோகும். உங்கள் கணவராக வரப்போகிறவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மாமா வீட்டில் சொல்வது

சொல்லுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லுங்கள். அம்மா வழியாகவோ சித்தி வழியாகவோ போக வேண்டாம். வாய்க்கு வாய் மாறி அது வேறு நோயாகப் போய்ச் சேரும். மாமன் மகனிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள்: நோயின் பெயர், என்ன மருந்து, பிள்ளைக்கு எவ்வளவு வாய்ப்பு, நோய் பொங்கினால் வீட்டில் எப்படி இருக்கும் என்று. இது தொற்றும் நோயல்ல என்பதையும் சொல்லுங்கள். அவர் விரும்பினால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கூட வரட்டும். இப்படி இணையாக வந்து கேட்டுவிட்டுப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறைத்துத் திருமணம் செய்த பெண்கள்தான், மாத்திரையைக் கைப்பையில் ஒளித்து வைத்து, பிறகு அதையும் நிறுத்திவிட்டு, ரத்தப்போக்கோடு வந்து சேர்கிறார்கள். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது என்பதே என் கவலை. கேட்டதும் அவர் பின்வாங்கினால் வலிக்கும். அந்த வலியைத் திருமணத்துக்குப் பிறகு சந்திப்பதைவிட இப்போது சந்திப்பது மேல்.

தம்பி, மஞ்சள் பால், வலி மாத்திரை

தம்பிக்கும் மரபணுச் சோதனை வேண்டாம். மலத்தில் ரத்தம், எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அக்காவுக்கு இந்த நோய் இருப்பதைச் சொல்லுங்கள், கால்புரோடெக்டின் பார்ப்பார்கள். இவை எதுவும் இல்லாமல் தேர்வு நேரத்தில் மட்டும் வலிக்கிறது என்றால், அது பெரும்பாலும் வேறு.

அம்மா தரும் மஞ்சள் பாலைத் தாராளமாகக் குடியுங்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுக்கூடத்தில் என்.எஃப்.கப்பா-பியை அடக்குகிறது, மெசலசினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் பலனும் தெரிந்தது. அவற்றில் கொடுத்தது செறிவான மருந்தளவு. அதுவும் மெசலசினோடு சேர்த்துத்தான், அதற்குப் பதிலாக அல்ல. காரம் தின்றதால் இந்த நோய் வரவில்லை. நோய் அடங்கியிருக்கும்போது கீரை, பருப்பு, பழம் என்று நார்ச்சத்து சேர்த்துக்கொள்ளுங்கள். குடல் பாக்டீரியாக்கள் நாரைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைச் செய்கின்றன. அது குடல் உயிரணுவுக்கு உணவு. மரபணுக்களின் மதகுகளிலும் அதற்குச் செல்வாக்கு உண்டு. சித்தி வாங்கித் தருவதாகச் சொன்ன அந்த லேகியத்தின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் அரசின் மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்ற நாட்டு மருந்துகளைப் பற்றி நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. எண் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்த ஒரு வரியை விட்டுவிட மனமில்லை. மாதவிடாய் வலிக்குப் பொன்ஸ்டான் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வகை வலி மாத்திரைகள் சிலருக்கு இந்த நோயைக் கிளறிவிடும். பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும் போதுமா என்று பாருங்கள்; போதாவிட்டால் மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள்.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள்: மெசலசின் நிறுத்திய தேதி, கால்புரோடெக்டின், என்.யு.டி.டி.15, எப்போது பிள்ளை பெற விருப்பம் என்பது. கால்புரோடெக்டின் அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள். எண் எவ்வளவு என்பதையும், பாலத்தைக் கடக்கும் முன் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.